மூணாந்தரம்

மீன் ஏலக் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷம் வாயை விற்றுப் பிழைத்தவர் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பார், எல்லாருக்கும் ஏலக்காரர்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாயால் படகுக்காரனும் பிழைத்தான், வியாபாரியும் பிழைத்தான், நடுவில் நாலு பூனையும் பிழைத்தன.

வெளுக்கும் நேரத்தில் படகுகள் வந்து அணையும். கூடைகள் ஈரத்தரையில் வரிசையாக இறங்கும். ஐஸ்காரர், பகையாளி மேல் மண்ணை வாரி இறைப்பது போல, உடைத்த ஐஸை அள்ளி மீன் மேல் வீசிக்கொண்டே போவார். ஏலக்காரர் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் ஏறித் தொண்டையைச் செருமுவார். "ஒரு தரம்" என்று இழுப்பார். மூச்சு வாங்குகிற சாக்கில் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். "ரெண்டு தரம்." இன்னொரு பார்வை. "மூணு தரம்" என்று சொல்லிக் குதிகாலால் பெட்டியை ஓர் இடி இடித்தால் கூடை கைமாறியது. அதற்கப்புறம் மீனே எழுந்து வந்து கெஞ்சினாலும் பேச்சு மாறாது.

இத்தனை வருஷத்தில் அவர் கண்டுகொண்டது இது. ஒரு தரத்திலேயே வாயைத் திறக்கிறவன் ஏமாளி. ரெண்டாம் தரத்தில் திறக்கிறவன் குடும்பஸ்தன். மூணு என்று நாக்கு புரள்கிற கடைசி நொடியில் விரலைத் தூக்குகிறவன்தான் வியாபாரி. ஐஸ் உருக உருக விற்கிறவன் மனசும் உருகும் அல்லவா.

இந்த ஞானத்தை அவர் மீனோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை.

அவருக்கு ஒரே மகள். இருபத்தெட்டு வயது. மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் குளிர்க் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை. காலை ஆறரைக்குப் போய்ப் பருத்த சட்டையும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், உறைந்த மீனின் வயிற்றில் ஊசியைக் குத்திச் சூடு பார்ப்பாள், செவுளைத் திறந்து நிறம் பார்ப்பாள், ஆகாது என்றால் சிவப்புச் சீட்டை ஒட்டுவாள். கிடங்கில் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பட்டப்பெயர். எங்கே எதனால் மீன் கெடுகிறது என்று ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியும். லாரி கதவு எத்தனை நிமிஷம் சும்மா திறந்து கிடக்கிறது என்பதுவரை எழுதிக்கொடுத்திருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதை வாங்கி டீக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் போவதற்கு ஒரு வழி இருந்தது. நிர்வாகம் சொல்லித்தரும் காலேஜ், இரண்டு வருஷப் படிப்பு, தூரத்து ஊர்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். விண்ணப்பம் வாங்குவதை மூன்று சுற்றாகப் பிரித்திருந்தார்கள். செப்டம்பரில் முதல் சுற்று, ஜனவரியில் இரண்டாவது, ஏப்ரலில் கடைசி. எந்த வாரம் கட்டுரை எழுதி முடிப்பது, எந்த வாரம் மேனேஜரம்மாவிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். செப்டம்பருக்குள் எல்லாம் தயாராகிவிடும். நுழைவுப் பரீட்சை முன்பே எழுதியாகிவிட்டது. அந்த மார்க்குக்கு ஐந்து வருஷம் ஆயுசு. அடுத்த ஜூலையோடு செத்துவிடும். நடுவில் இரண்டு முறை எழுதிப் பார்த்து அந்த மார்க்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை என்பதை அவள் மெதுவான குரலில்தான் சொன்னாள்.

ஏலக்காரர் வறுத்த மீனின் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். வியாபாரத்தைப் புத்தகத்தில் படிப்பது நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போல என்று அவர் ஏற்கெனவே கிண்டலடித்து முடித்திருந்தார். இப்போது அவர் கண் அந்த மூன்று தேதிகளில் நின்றது.

"அட, நம்ம சங்கதிதானே இது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

"அப்படி இல்லப்பா. இது வேற."

"என்ன வேற? முதல் தரத்துல ஊர்ல இருக்கறவன் எல்லாம் முட்டி மோதுவான். காலேஜ்காரனுக்கும் கிராக்கி ஏறிக் கிடக்கும். கடைசியில பாரு, கூட்டம் கலைஞ்சிருக்கும். மிச்சம் இருக்கிற இடத்தை வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? ஊறுகாயா போடுவான்? அப்ப நீ போய் நில்லு."

அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் உட்காருகிறவள். தினம் நானூறு பேர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வரிசையைத் தவிர எதன்மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"எங்க ஜன்னல்ல முன்னாடி வந்தவன் முன்னாடி உள்ள போறான். பின்னாடி வந்தவனுக்கு டாக்டர் எழுந்து போயிடறாரு. இவ்வளவுதாங்க உலகம்" என்றாள்.

"ஆஸ்பத்திரி வேற, வியாபாரம் வேற."

"ரெண்டு இடத்துலயும் லேட்டா போனா நாறும்."

மகள் சிரித்தாள். ஆனால் தாளை மடித்து வைத்தாள். அப்பாவின் விலைக்கணிப்பு தப்பி அவள் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளையில் அவர் தோளில் உட்கார்ந்து கூட்டத்தை மேலிருந்து பார்த்தவள். எவன் கேட்பான், எவன் சும்மா நிற்கிறான் என்று அவர் காதில் சொன்னதெல்லாம் அப்படியே பலித்ததைக் கண்டவள். அதோடு ஒரு வாரம் கழித்து ஒரு காரணமும் கையோடு வந்தது. கிடங்கின் சூப்பர்வைசர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. சூப்பர்வைசர் என்று போட்டு அனுப்பினால் எடை கூடும் என்றார் ஏலக்காரர். கொஞ்சம் பொறு, நிறம் ஏறட்டும் என்றார்.

அவர் மனசின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. காலையில் ஏலம் முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அவள் குடித்துவிட்டுப் போன டீக் கோப்பை கழுவாமல் தொட்டியில் இருக்கும். இத்தனை வயசாகியும் ஒரு கோப்பையைக் கழுவ வக்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அதைக் கழுவுவார். தினம் அந்த ஒரு முணுமுணுப்பு அவருக்கு வேண்டியிருந்தது. இதை அவர் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

செப்டம்பர் போயிற்று.

மேனேஜரம்மா சிபாரிசுக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எப்போது சொல்கிறாயோ அப்போது அனுப்புகிறேன், ஆனால் நீ எதுக்கு நிக்கிறேன்னுதான் எனக்கு விளங்கல என்றாளாம். மகள் அதை வீட்டில் வந்து சொன்னபோது, கம்பெனிக்காரிக்கு விளங்கினால் அவள் ஏன் சம்பளத்துக்கு இருக்கிறாள் என்றார் ஏலக்காரர்.

டிசம்பரில் சூப்பர்வைசருக்கு மாலைக்குப் பதிலாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். நாற்காலி காலியாக இருந்தது. உத்தரவு தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் வரும் என்றார்கள். ஜனவரிச் சுற்று மூட நான்கு நாள் இருந்தபோது மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இருக்கறதை வச்சு அனுப்பிடட்டுமாப்பா?"

"இவ்வளவு நாள் பொறுத்துட்டு, பானை பொங்கற நேரத்துல எதுக்கு அடுப்பை அணைக்கிறே?"

அவர் அப்படிச் சொன்ன அன்று மழை. படகுகள் போகவில்லை. வெறும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு ஈரமாக வந்திருந்தார். மகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நாற்காலி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வேறொருவனுக்கு. மீனின் செவுள் எந்தப் பக்கம் என்று அவளிடம்தான் வந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஆக, செப்டம்பரில் என்ன எடை இருந்ததோ அதே எடையோடு, ஏழு மாசத்து ஐஸைத் தண்ணீராக விட்டுவிட்டு, ஏப்ரலில் அவள் விண்ணப்பம் போட்டாள். அதில் தொடர்புக்கு இரண்டு எண் கேட்டிருந்தார்கள். கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அதனால் தன் எண்ணுக்குக் கீழே அப்பா எண்ணைப் போட்டு, நான் எடுக்காவிட்டால் இவரிடம் பேசலாம், இவர் சொல்வது நான் சொல்வது என்று எழுதியிருந்தாள்.

மே மாதக் கடைசியில் பதில் வந்தது. இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியல். கூடவே ஒரு வரி: முதல் இரண்டு சுற்றிலேயே பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிட்டதால்.

அந்த வரியை மகள் சத்தமாகப் படிக்கவில்லை. அம்மாதான் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜன்னலில் பேர் கூப்பிடுகிற குரலில் படித்தாள். படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க அவளை வாங்க வந்த ஆளுன்னு நெனச்சிட்டீங்க. அவ கூடையில இருந்த மீனு. உங்களுக்குத் தெரியாததா, ஐஸ் உருகினா எது விலை போகாதுன்னு?"

ஏலக்காரர் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. மகள்தான் பேச்சை எடுத்தாள். "விடுங்கம்மா. அப்பா சொன்னதால மட்டும் நான் நிக்கல. செப்டம்பர்ல போட்டு இல்லேன்னு வந்திருந்தா எனக்குப் போக்கிடம் இல்ல. நிக்கச் சொல்ல ஒரு ஆள் கிடைச்சாருன்னு நின்னேன்."

அவள் சொன்னது நிஜம்தான். ஆனால் அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அடுத்த நாள் ஏலத்தில் ஒரு கூடைக்கு ரெண்டு தரம் என்று அவர் இருமுறை சொல்ல, கூட்டம் சிரித்தது.

ஜூலை மாதம் இரண்டாம் வாரம். பரீட்சை மார்க்குக்கு மாசக் கடைசிவரைதான் உயிர். காலை பத்து மணி. ஏலம் முடிந்து கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செதிலும் தண்ணீருமாகக் கால்வாயில் ஓடியது. ஏலக்காரர் பெட்டி மேல் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐஸ்காரர் மண்வெட்டியைக் காலுக்கிடையில் நிறுத்தியிருந்தார். போன் அடித்தது. இளசான பெண்குரல், தேன் தடவிய மரியாதை. காலேஜிலிருந்து பேசுகிறாள். மகளை இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, உங்கள் எண் கொடுத்திருக்கிறார்கள், ஒரு இடம் காலியாகியிருக்கிறது, அவர் இன்னும் வர விருப்பமாக இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அவர் வாயைத் திறக்கவும் திறந்தார்.

ஆனால் முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர்களாக அல்லவா கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பத்து மாசமாக நாம் அவன் கடை வாசலில் நின்றோம்; இப்போது அவன் நம் கடை வாசலில் நிற்கிறான். கட்டணத்துக்கு வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகள் கவலைப்பட்டது ஞாபகம் வந்தது. அவளுக்குச் செய்த கெடுதலை ஒரே பேச்சில் சரிக்கட்டிவிடலாம். சாயங்காலம் அவள் வந்ததும், இடமும் வாங்கினேன், பாதிக் கட்டணமும் குறைத்தேன் என்று சொல்லலாம்.

ஏலத்தில் ஒரு வித்தை உண்டு. கேள்வி ஏறாமல் படுத்துக்கொண்டால், ஏலக்காரன் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிற தூணைப் பார்த்து, அதோ அந்தப் பக்கம் ஒருத்தர் கூட்டிக் கேட்கிறார் என்று கத்துவான். அங்கே தூணைத் தவிர ஒரு ஈ காக்கை இருக்காது. முன்னால் நிற்கிறவன் பதறிப்போய் ஏற்றிக் கேட்பான். கொட்டகையில் அதற்குத் தூண் கேள்வி என்று பெயர்.

ஏலக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வேற ரெண்டு காலேஜ்லயும் கேட்டிருக்காங்கம்மா. நாங்க யோசிச்சுக்கிட்டுதான் இருக்கோம். நீங்க என்ன செஞ்சு கொடுப்பீங்க, அதைச் சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப வேற இடம் உறுதியாயிடுச்சுங்களா?"

"உறுதி மாதிரிதான். கட்டணத்துல நீங்க ஏதாவது பார்த்துக் கொடுத்தீங்கன்னா இங்கயே அனுப்பறோம்."

"கட்டணத்துல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார். இவங்களுக்குப் பின்னாடியும் ஆளுங்க காத்திருக்காங்க. அப்ப இந்த இடத்தை அடுத்தவங்களுக்கு விட்டுடலாங்களா?"

கெட்டிக்காரப் பெண், திருப்பி அடிக்கிறாள் என்று நினைத்தார். விற்கிறவன் போ என்றால் போக வேண்டும். பத்தடி போனதும் அவனே கூப்பிடுவான். கூப்பிடாதவன் பிறக்கவில்லை.

"உங்க இஷ்டம்மா" என்றார்.

அந்தப் பெண் வாழ்த்துச் சொன்னாள். மகளிடமும் வாழ்த்தைச் சொல்லச் சொன்னாள். போன் நின்றது.

ஐஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "என்னண்ணே, தூண் கேள்வியா?" என்று பல்லைக் காட்டினார். ஏலக்காரரும் சிரித்தார். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பத்தடி என்றார். டீ ஆறி ஆடை கட்டியது. கொட்டகையைக் கழுவி முடித்தார்கள். கால்வாயில் தண்ணீர் வடிந்து பூனைகள் இறங்கின. போன் அடிக்கவில்லை.

"அண்ணே, அவங்களுக்கு நம்ம கொட்டகை வழக்கம் தெரியுமா?" என்று ஐஸ்காரர் இப்போது சிரிக்காமல் கேட்டார்.

பதினொன்றரைக்கு ஏலக்காரர் தானே கூப்பிட்டார். அதே குரல், அதே மரியாதை. பட்டியலில் அடுத்திருந்தவர் கூப்பிட்ட உடனே சரி என்று சொல்லிவிட்டார், அவர் பெயரைப் பதிந்தாயிற்று என்றாள். இல்லம்மா, நான் சொன்னது ஒரு பேச்சுக்கு என்றார். அவளுக்கு அது புரியவில்லை. பேச்சுக்குன்னா என்ன சார் என்று நிஜமாகவே கேட்டாள். அவர் அதற்கு விளக்கம் சொல்லப் பார்த்தார். வேறு எந்தக் காலேஜும் கேட்கவில்லை என்று சொல்லப் பார்த்தார். சொல்லாமலே போனை வைத்தார். பொய் சொல்லி விற்கத் தெரிந்த வாய்க்கு, சொன்னது பொய் என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போகலாமா என்று நினைத்தார். போகவில்லை. பஸ் பிடித்துக் கிடங்கு வாசலுக்குப் போய், வெயிலில் மதில் ஓரமாக நின்றார். ஷிப்ட் முடிய மூன்று மணி நேரம் இருந்தது. லாரிகள் வந்தன. ஒரு லாரியின் பின்கதவு திறந்தபடி கிடந்தது; உள்ளிருந்து வெள்ளையாகப் புகை வழிந்து தரைக்கு வருமுன் காணாமல் போயிற்று. காவலாளி யார் வேணும் என்று கேட்டான். மகள் என்றார். தெர்மாமீட்டரோட அப்பாவா, உட்காருங்க என்று ஸ்டூலை நகர்த்தினான். அவர் உட்காரவில்லை.

மூன்று மணிக்கு அவள் வெளியே வந்தாள். புருவத்தில் இன்னும் ஈரம். கையில் போன். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்த விதத்தில், அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"காலேஜ்ல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்கப்பா. உங்களுக்கும் பண்ணாங்களா? அதான் வந்தீங்களா?"

"பாப்பா, இரு. நான் சொல்றதைக் கேளு."

அவள் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள். குளிரில் மரத்த விரலுக்குப் போனைக் காதோரம் பிடிக்க வரவில்லை. சத்தத்தைப் பெரிதாக்கிக் கையில் ஏந்திக்கொண்டாள். அந்தத் தேன் குரல் இருவருக்கும் நடுவில் பேசியது. உங்க அப்பாகிட்ட எல்லாம் பேசிட்டோமே, வாழ்த்துகள் என்றது.

"எதுக்குங்க?"

"வேற காலேஜ்ல இடம் உறுதியாயிடுச்சுன்னு சார் சொன்னாங்க. அதனால அந்த இடத்தைக் காலையிலயே அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் அந்தப் பெண் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

"அந்த இடம் திரும்பக் கிடைக்க வழி இருக்குங்களா?"

"இல்லைங்க. இந்த வருஷம் பட்டியலை மூடிட்டோம்." கொஞ்சம் தயங்கி, பேச்சை இனிமையாக முடிக்க நினைத்திருப்பாள் போல, கேட்டாள்: "எந்தக் காலேஜுங்க சேரப் போறீங்க?"

மகள் உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டாள்.

"இங்கதாங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே" என்றாள். "அப்பா சொன்னது சரிதான். ரொம்ப நன்றிங்க."

போனைப் பைக்குள் போட்டாள். அவர் பாப்பா என்று தொடங்கினார். அவள், பஸ் வந்துடுச்சு என்றாள். வந்துதான் இருந்தது.

கூட்டம் இல்லாத நேரம். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்க்கத் தொடங்கினாள். பக்கத்தில் காலியாக இருந்தது. அவர் அந்த இருக்கைக்கு நேரே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஒவ்வொரு குழியிலும் குலுங்கியது. பையை நெஞ்சோடு வைத்திருந்த அவள் அதை நகர்த்தவும் இல்லை, அவரை உட்காரச் சொல்லவும் இல்லை.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உட்காருங்க பெரியவரே, இடம் இருக்கே" என்றான்.

"பரவால்ல தம்பி. அடுத்த ஸ்டாப்புதான்" என்றார் ஏலக்காரர்.

அவர்கள் இறங்க இன்னும் பதினோரு நிறுத்தம் இருந்தது.